விளையாட்டுத் திருவிழாவும் வியர்வையின் கூலியும்

 

மேல்மலையனூர்க் கடைவீதியில் வியாபாரம் செய்பவர்களுக்குத் திருவிழாக் கூட்டம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அமாவாசைக்கு அமாவாசை அங்காளம்மன் கோயிலுக்குப் பஸ் பஸ்ஸாக மக்கள் வந்து குவிகிறார்கள். டீக்கடை, பூக்கடை, பழக்கடை, பாத்திரக்கடை என்று எல்லோருக்கும் அன்று நாலு காசு கிடைக்கிறது. விடிந்ததும் கூட்டம் கலைகிறது. தெருவெல்லாம் கிடக்கும் குப்பையை அள்ள ஒருவர் குனிகிறார். இரவெல்லாம் நடந்த வியாபாரத்தில் அவருடைய பங்கு என்ன என்று எவரும் கேட்பதில்லை.

கூட்டம் வந்தால் ஊருக்கு வருமானம் என்பது உண்மை. அந்த வருமானம் எல்லோர் வீட்டுக்கும் ஒரே அளவில் போய்ச் சேர்வதில்லை என்பதும் உண்மை. இந்த ஊர்க் கணக்கை இப்போது நாட்டுக் கணக்காக்கிப் பார்க்க வேண்டிய நேரம் வந்திருக்கிறது.

2025 நவம்பர் 26 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கூடிய காமன்வெல்த் விளையாட்டு அமைப்பின் பொதுச்சபை, 2030ஆம் ஆண்டின் காமன்வெல்த் போட்டிகளை நடத்தும் உரிமையை அகமதாபாத் நகருக்கு வழங்கியது. 1930ல் கனடாவின் ஹாமில்டன் நகரில் தொடங்கிய போட்டிகளுக்கு அது நூற்றாண்டு. இதோடு நிற்கவில்லை. 2036 ஒலிம்பிக்கை இந்தியாவில் நடத்த விரும்புவதாக 2024 அக்டோபரிலேயே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்குக் கடிதம் போயிருக்கிறது. நாடு வளர்கிறது, உலகம் நம்மைத் திரும்பிப் பார்க்கிறது என்று தொலைக்காட்சிகள் முழங்குகின்றன.

நவம்பர் 26 வேறொரு வகையிலும் முக்கியமான நாள். 1949ல் அந்த நாளில்தான் நம் அரசியல் சட்டம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அரசியல் சட்ட நாளில் கிடைத்த விளையாட்டு உரிமையை அரசியல் சட்டத்தின் அளவுகோலால் அளந்து பார்ப்பது தேசத் துரோகம் ஆகாது. அது குடிமகனின் கடமை.

நாம் விளையாட்டுக்கு எதிரிகளா?

ஒருபோதும் இல்லை. அண்ணலார் (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். அம்பெய்தலை ஊக்குவித்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். பெருநாள் அன்று அபிசீனியர்கள் பள்ளிவாசல் வளாகத்தில் ஈட்டி விளையாடியதைத் தடுக்காமல் விட்டார்கள். உடல் வலிமையும் போட்டி மனப்பான்மையும் மார்க்கத்துக்கு விரோதம் என்று சொல்பவர் மார்க்கத்தை அறியாதவர்.

நம் வீட்டுப் பிள்ளைகளே இன்று உலக அரங்கில் நிற்கிறார்கள். சென்னையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள் காசிமா, 2024ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று வந்தார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியின் துணைத் தலைவி, கண்ணகி நகர் கார்த்திகா. கண்ணகி நகர் எது? சென்னையின் நடுப்பகுதிக் குடிசைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஏழைகளை ஊருக்கு வெளியே கொண்டுபோய் அடுக்கி வைத்த இடம். வளர்ச்சி என்ற பெயரில் எந்த மக்களை நகரம் வெளியே தள்ளியதோ, அந்த மக்களின் மகள்தான் நாட்டுக்குத் தங்கம் கொண்டுவந்தாள்!

எனவே, போட்டி வேண்டாம் என்பது நம் வாதமல்ல. மைதானம் கட்டுகிற கைக்கு முழுக் கூலி போய்ச் சேர வேண்டும், மைதானத்துக்கு வழிவிடும் குடும்பத்துக்கு மாற்று வீடு கிடைக்க வேண்டும். அந்த விஷயத்தில் நம் நாட்டின் பழைய கணக்கு என்ன சொல்கிறது? புரட்டிப் பார்ப்போம்.

ஒரு ரூபாயின் கதை

1982 நவம்பரில் டெல்லியில் ஒன்பதாவது ஆசியப் போட்டிகள் நடந்தன. மேம்பாலங்கள், மைதானங்கள், வீரர்கள் தங்கும் குடியிருப்புகள் எல்லாம் ஓட்டமாக ஓடிக் கட்டப்பட்டன. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒரிசா மாநிலங்களின் வறண்ட கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் அழைத்துவரப்பட்டார்கள். அழைத்து வந்தவர்கள் ஜமேதார்கள். அதாவது, ஆள்பிடிக்கும் மேஸ்திரிகள்.

அன்றைய சட்டப்படி ஒரு தொழிலாளியின் குறைந்தபட்ச நாள் கூலி 9 ரூபாய் 25 காசு. ஒப்பந்தக்காரர் அதை நேராகத் தொழிலாளியின் கையில் கொடுக்கவில்லை. ஜமேதாரிடம் கொடுத்தார். ஜமேதார் ஆளுக்கு ஒரு ரூபாய் கமிஷன் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். வெயிலில் கல் சுமந்தவனுக்கு 8 ரூபாய் 25 காசு!

ஒரு ரூபாய்தானே என்று நினைக்கிறீர்களா? கல்லாவில் உட்காரும் வியாபாரிக்குத் தெரியும். 9 ரூபாயில் 1 ரூபாய் என்றால் ஒன்பதில் ஒரு பங்கு. ஆயிரம் பேருக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய். 1982ன் ஆயிரம் ரூபாய்!

மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான சங்கம் இதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. நீதிபதிகள் பி.என். பகவதியும் பஹாருல் இஸ்லாமும் 1982 செப்டம்பர் 18 அன்று வழங்கிய தீர்ப்பு, இந்தியாவில் கூலிக்கு வேலை செய்யும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து ஒருவரிடம் வேலை வாங்கினால், அது அரசியல் சட்டத்தின் 23வது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று நீதிமன்றம் சொன்னது. அவனே சம்மதித்துத்தானே வந்தான் என்ற வாதம் எடுபடவில்லை. பசியும் வறுமையும் பிடித்துத் தள்ளும்போது வரும் சம்மதம் உண்மையான சம்மதம் அல்ல என்பதே தீர்ப்பின் சாரம். கட்டுமான வேலை ஆபத்தான வேலை, அதில் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்றும், ஒப்பந்தக்காரர் தவறினாலும் அரசு தப்பித்துக்கொள்ள முடியாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

அந்த ஒரு ரூபாயைப் பிடித்தவனுக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு. கங்காணி! இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர்த் தோட்டத்துக்கும் நம் பாட்டன்மார்களைக் கப்பலேற்றியவன் அவன்தான். தென்னாற்காடும் வடாற்காடும் சேலமும் திருச்சியும் அவனை நன்றாக அறியும். காலம் மாறுகிறது. கங்காணி ஜமேதாராகிறான். ஜமேதார் சப்-காண்ட்ராக்டராகிறான், ஏஜெண்டாகிறான். அவன் பிடிக்கும் அந்த ஒரு ரூபாய் மட்டும் மாறுவதில்லை.

2010: பெருத்த செலவு, சிறுத்த நியாயம்

அடுத்த பெரிய திருவிழா, 2010 அக்டோபரில் டெல்லி நடத்திய காமன்வெல்த் போட்டி. 2003ல் சுமார் 1,200 கோடி ரூபாய் செலவாகும் என்று சொல்லித் தொடங்கினார்கள். போட்டி முடிந்தபோது அது 18,532 கோடியைத் தாண்டியிருந்தது என்று மத்தியத் தணிக்கை அதிகாரியின் 2011ஆம் ஆண்டு அறிக்கை கணக்குச் சொன்னது. பதினைந்து மடங்கு! மகள் கல்யாணத்துக்கு ஒரு லட்சம் என்று கணக்குப்போட்டுப் பதினைந்து லட்சம் செலவழித்த தகப்பனின் நிலை என்னவாகும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பணத்தில் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது தெரியுமா? தலித் மக்களின் முன்னேற்றத்துக்கென்று ஒதுக்கப்படும் சிறப்புக்கூறுத் திட்ட நிதியிலிருந்து! டெல்லி அரசு அந்த நிதியில் 744 கோடி ரூபாயைப் போட்டிச் செலவுகளுக்குத் திருப்பிவிட்டது என்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் வெளியே வந்தது. விவகாரம் மாநிலங்களவையில் வெடித்தபோது, நிதி திருப்பிவிடப்பட்டது தவறு என்று அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரமே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. தலித் பிள்ளையின் பள்ளிக்கூடப் பணம் மைதானத்தின் புல்லுக்குப் போனது. தலித் சகோதரனுக்கு நடந்தது நாளை சிறுபான்மை நல நிதிக்கு நடக்காது என்று யார் உத்தரவாதம் தருவது?

குடியிருப்புகளின் கதை இன்னும் வேதனையானது. ஆற்றங்கரையை அழகுபடுத்துவது என்ற பெயரில் 2004ல் டெல்லியின் யமுனை புஷ்தா குடிசைப் பகுதி தரைமட்டமாக்கப்பட்டது. அங்கே வாழ்ந்தவர்களில் முஸ்லிம்கள் ஏராளம். ரிக்‌ஷா இழுத்தவர்கள், வீட்டு வேலை செய்தவர்கள். அவர்களில் பலர் தூக்கி எறியப்பட்ட இடம், வேலைக்குப் போய்வர முடியாத தூரத்திலிருந்த பவானா. 2004 முதல் 2010 வரை போட்டியையொட்டி டெல்லியில் வீடிழந்தவர்கள் சுமார் 2 லட்சம் பேர் என்று வீட்டுரிமை, நில உரிமைக்காகப் பாடுபடும் அமைப்பு ஒன்று மதிப்பிட்டது.

நடைபாதை வியாபாரிகளும் பிச்சைக்காரர்களும் விருந்தாளிகளின் கண்ணில் படாதபடி விரட்டப்பட்டார்கள். அதே 2010ல் உலகக் கோப்பை கால்பந்தை நடத்திய தென்னாப்பிரிக்காவிலும் இதே கதைதான். மைதானத்தைச் சுற்றி விற்கும் உரிமை பெரிய கம்பெனிகளுக்கு. தலைமுறை தலைமுறையாக அங்கே சோளமும் பழமும் விற்றவர்களுக்குத் தடை.

ஆனால், சகோதரர்களே! ஒன்றைக் கவனியுங்கள். டெல்லிப் போட்டி நடந்துகொண்டிருந்தபோதே, 2010 அக்டோபர் 8 அன்று, உச்ச நீதிமன்றம் கைண்டா ராம் வழக்கில் தீர்ப்பளித்தது. தெருவில் விற்பது தொழில் செய்யும் அடிப்படை உரிமை, அதற்கென்று சட்டம் இயற்றுங்கள் என்று உத்தரவிட்டது. அதன் தொடர்ச்சியாக வந்ததே 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம். பல ஆண்டுகள் விடாமல் வழக்கு நடத்திய சாதாரண நடைபாதை வியாபாரிகளின் வெற்றி அது. போராடினால் கிடைக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

போட்டி முடிந்ததும் நாடு ஊழலைப் பற்றிப் பேசியது. யார் எத்தனை கோடி அடித்தார் என்று ஆண்டுக்கணக்கில் பேசியது. கொத்தனாருக்குப் பாக்கி நின்ற கூலியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஊழல் பெரிய குற்றம்தான். கூலியைப் பிடிப்பது அதைவிடச் சிறிய குற்றம் அல்ல!

கத்தாரும் நம் தராசும்

இப்போது நாம் சொல்லப்போவது சில சகோதரர்களுக்குக் கசக்கலாம். ஆனாலும் சொல்லியே தீர வேண்டும்.

2022ல் கத்தார் உலகக் கோப்பையை நடத்தியது. ஒரு அரபு முஸ்லிம் நாடு நடத்திய முதல் உலகக் கோப்பை. தொடக்க விழாவில் குர்ஆன் வசனம் ஒலித்தபோது நம் இளைஞர்கள் நெஞ்சம் நிமிர்ந்தார்கள். ஐரோப்பியப் பத்திரிகைகள் தொழிலாளர் மரணங்களைப் பற்றி எழுதியபோது, இது இஸ்லாத்தின் மீதுள்ள வெறுப்பு என்று கொதித்தார்கள்.

அந்தக் கொதிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. கங்காணி முறையை வைத்துக் கோடிகோடியாகச் சம்பாதித்த நாடுகள் இன்று நமக்கு மனித உரிமைப் பாடம் நடத்துவதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். ஆனால், சொல்பவன் யோக்கியனா என்ற கேள்வி வேறு, சொன்னது உண்மையா என்ற கேள்வி வேறு. முதல் கேள்வியைக் கேட்டு இரண்டாவது கேள்வியிலிருந்து நாம் தப்பிக்க முடியாது.

உண்மை என்ன? 2010 டிசம்பரில் போட்டியை நடத்தும் உரிமை கிடைத்த பிறகு பத்தாண்டுகளில் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளைச் சேர்ந்த 6,500க்கும் அதிகமானோர் கத்தாரில் இறந்ததாகப் பிரிட்டனின் கார்டியன் நாளேடு 2021ல் கணக்கு வெளியிட்டது. அதில் இந்தியர்கள் 2,711 பேர். இவர்கள் எல்லோரும் மைதானத்தில் இறந்தவர்கள் அல்ல. எல்லா வேலையிலும், எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மரணங்கள் அவை. மைதானப் பணியிடங்களில் விபத்தால் இறந்தவர்கள் மூன்றே பேர் என்றது கத்தார் தரப்பு. 2020 என்ற ஒரே ஆண்டில் கத்தாரில் வேலை தொடர்பான காயங்களால் 50 பேர் இறந்ததாகச் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் சொன்னது. எந்த எண் சரி என்று வாதாடுவதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ஆரோக்கியமாக விமானம் ஏறிய இளைஞர்கள் பலருடைய மரணச் சான்றிதழில் இயற்கை மரணம் என்ற ஒற்றை வரிதான் இருந்தது. இயற்கை மரணம் என்று எழுதிவிட்டால் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு கிடையாது!

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விமர்சனம் வந்ததால்தான் கத்தார் மாறியது. முதலாளி அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறலாம், வேலை மாறலாம் என்ற சட்டத் திருத்தங்கள் 2018க்கும் 2020க்கும் இடையே வந்தன. 2021 மார்ச்சில் எல்லா நாட்டவருக்கும் பொதுவான 1,000 ரியால் குறைந்தபட்சக் கூலி வந்தது. கோடையில் காலை 10 மணி முதல் மாலை 3.30 மணி வரை வெட்டவெளி வேலைக்குத் தடை வந்தது. அமலாக்கத்தில் குறை உண்டு என்று தொழிலாளர் அமைப்புகள் சொல்கின்றன. ஆனால் வாய் மூடி இருந்திருந்தால் இவ்வளவும் வந்திருக்குமா?

தனக்கும் பெற்றோருக்கும் நெருங்கிய உறவினருக்கும் பாதகமாக முடிந்தாலும் நீதிக்கு சாட்சியாக நில்லுங்கள் என்று திருக்குர்ஆன் (4:135) நமக்குக் கட்டளையிடுகிறது. ஷேக்கின் கம்பெனியும் சேட்டின் கம்பெனியும் இந்தக் கட்டளையின் முன் ஒன்றுதான். தோஹாவில் பிடிக்கப்பட்ட கூலியைக் கண்டு மௌனமாக இருந்துவிட்டு அகமதாபாத்தில் பிடிக்கப்படும் கூலிக்காகக் குரல் கொடுத்தால், நம் குரலை யார் மதிப்பார்? அதுபோலவே, தோஹாவுக்காகக் கண்ணீர் வடித்துவிட்டு அகமதாபாத்துக்கு வாய் திறக்காத பத்திரிகைகளையும் யார் மதிப்பார்?

நெல்லும் வேர்க்கடலையும் எடைக்கு வரும் பூமி நம்முடையது. தராசின் முள்ளை விரலால் தட்டுகிறவனை நம் விவசாயிக்கு நன்றாகத் தெரியும். வாங்கும்போது நிறைத்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவனுக்குக் கேடுதான் என்பது 83வது அத்தியாயம் தரும் எச்சரிக்கை. நீதியின் தராசுக்கும் அதே எச்சரிக்கை உண்டு.

அடுத்த விமானம் சவூதிக்கு

இது வெறும் பழங்கதை அல்ல. 2034 உலகக் கோப்பையைச் சவூதி அரேபியா நடத்தும் என்று 2024 டிசம்பர் 11 அன்று ஃபிஃபா அறிவித்துவிட்டது. ரியாத், ஜித்தா, அல்கோபர், அப்ஹா, நியோம் என்று ஐந்து நகரங்களில் பதினைந்து மைதானங்கள். அதைக் கட்டப்போகிறவர்கள் யார்? செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பகுதியிலிருந்து கம்பி கட்டவும், வெல்டிங் செய்யவும், டிரைவராகவும் விமானம் ஏறப்போகும் நம் தம்பிமார்களும் அதில் இருப்பார்கள்.

தம்பி! புறப்படும் முன் சிலவற்றைத் தெரிந்துகொள். ஆள் அனுப்பும் ஏஜெண்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று இமைகிரேட் இணையதளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும்தான். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கேட்பவன் உன்னிடம் முன்கூட்டியே கங்காணிக் காசு பிடிக்கிறான் என்று புரிந்துகொள். ரசீது தராதவனிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதே. ஒப்பந்தத்தின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். பிரவாசி பாரதீய பீமா யோஜனா காப்பீடு எடுக்கப்பட்டிருக்கிறதா என்று கேள். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அலுவலகம் இருப்பது உனக்காகத்தான். அம்மாவின் தாலிச் சங்கிலியை அடகு வைத்த பின் அல்ல, வைப்பதற்கு முன் விசாரி!

அகமதாபாத்தின் சுவர்

மீண்டும் நம் நாட்டுக்கு வருவோம். அகமதாபாத்தின் மொட்டேராவில் 1,32,000 பேர் அமரும் நரேந்திர மோடி மைதானம் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் டிரம்ப் அங்கே வந்தபோது என்ன நடந்தது? விமான நிலையத்திலிருந்து அவர் வரும் வழியில் இருந்த குடிசைப் பகுதிக்கு முன்னால் சுவர் எழுப்பப்பட்டது. மைதானத்துக்கு அருகில் வாழ்ந்த நாற்பத்தைந்து குடும்பங்களுக்கு இடத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் போனது. ஏழ்மையை ஒழிப்பது கடினம். ஏழையை மறைப்பது சுலபம்!

2025 ஏப்ரல், மே மாதங்களில் அதே அகமதாபாத்தின் சந்தோலா ஏரிக் கரையில் ஆயிரக்கணக்கான வீடுகள் புல்டோசரால் இடிக்கப்பட்டன. பெரும்பாலும் முஸ்லிம்கள் வாழ்ந்த பகுதி. அது விளையாட்டுக்காக நடந்தது என்று நாம் சொல்லவில்லை. ஏரி ஆக்கிரமிப்பு, சட்டவிரோதமாகக் குடியேறிய வங்கதேசத்தவர் என்று அரசு காரணம் சொன்னது. நாம் கேட்பது வேறு. போட்டி என்ற பெரிய காரணம் இல்லாதபோதே இவ்வளவு வேகமாக ஓடும் புல்டோசர், நாட்டின் மானம் என்ற பெயரும் சேர்ந்துகொண்டால் எவ்வளவு வேகமாக ஓடும்?

வீடுகளை இடிக்கும் முன் பதினைந்து நாள் நோட்டீஸ் தர வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும் என்று 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாலை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள கட்டடங்களுக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்றும் அதே தீர்ப்பில் உள்ளது. நாட்டின் ஏழைகள் பெரும்பாலும் வாழ்வது ஏரிக்கரையிலும் ரயில்பாதை ஓரத்திலும்தான் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

தொழிலாளியின் பாதுகாப்பும் மாறியிருக்கிறது. கிளாஸ்கோ அறிவிப்புக்கு ஐந்து நாள் முன்னதாக, 2025 நவம்பர் 21 அன்று, நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1982ல் ஆசியப் போட்டித் தொழிலாளர்களைக் காத்த குறைந்தபட்சக் கூலிச் சட்டமும், ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும், வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டமும் இந்தத் தொகுப்புகளுக்குள் கரைக்கப்பட்டுவிட்டன. ஊர் விட்டு ஊர் வந்த தொழிலாளிக்கு மாதக் கூலியில் பாதியை இடப்பெயர்வுப் படியாகத் தந்தது பழைய சட்டம். புதிய தொகுப்பில் பயணச் செலவு உண்டு, அந்தப் படி இல்லை. சட்டம் எளிமையாகிவிட்டது என்கிறார்கள். யாருக்கு எளிமை என்பதே நம் கேள்வி.

எனவே நாம் கேட்கிறோம்:

ஒன்று: 2030 போட்டிக்கான ஒவ்வொரு கட்டுமானத்திலும் ஒப்பந்தக்காரர், துணை ஒப்பந்தக்காரர் பெயர்களையும் தொழிலாளர் எண்ணிக்கையையும் வெளியிடுங்கள். கூலி இடைத்தரகன் கை படாமல் தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கே போகட்டும்.

இரண்டு: 1982ல் உச்ச நீதிமன்றம் ஆய்வாளர்களை நியமித்ததைப் போல, அரசுக்குக் கட்டுப்படாத கண்காணிப்புக் குழுவை முதல் செங்கல் வைக்கும் முன்பே அமையுங்கள்.

மூன்று: பணியிடத்தில் நேரும் ஒவ்வொரு மரணத்தையும் காரணத்தோடு பதிவு செய்து வெளியிடுங்கள்.

நான்கு: மாற்று வீடு தராமல் ஒரு குடிசையையும் தொடாதீர்கள். மாற்று இடம் தராமல் ஒரு தள்ளுவண்டியையும் தூக்காதீர்கள்.

ஐந்து: தலித், பழங்குடி, சிறுபான்மை மக்களுக்கான நிதியில் ஒரு ரூபாயும் மைதானத்துக்குப் போகக் கூடாது.

நம் ஊருக்கும் வரும்

அகமதாபாத் எங்கேயோ இருக்கிறது, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். 2025 ஜூலை 11 அன்று நம் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. மராட்டியர் காலப் படைத்தளங்கள் என்ற பெயரில் அறிவிக்கப்பட்ட பன்னிரண்டு கோட்டைகளில் மகாராஷ்டிராவுக்கு வெளியே உள்ள ஒரே கோட்டை இதுதான். நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், மராட்டியர், மொகலாயர், ஆற்காடு நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எல்லோரும் ஆண்ட கோட்டை. அதன் வளாகத்தில் சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் இருக்கிறது, வெங்கட்ரமணர் கோயிலும் இருக்கிறது. இந்தக் கலப்புத்தான் செஞ்சியின் பெருமை.

இனி சுற்றுலாப் பயணிகள் பெருகுவார்கள். நல்லதே! சாலை அகலமாகும். நல்லதே! அப்போது கோட்டை வழியில் இளநீர், வெள்ளரிக்காய் விற்கும் பாட்டியின் கதி என்ன? இதற்கான பதிலை இப்போதே தயார் செய்ய வேண்டும். 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் தரும் வரை தெரு வியாபாரியை அப்புறப்படுத்த முடியாது. இடம் மாற்றுவதானால் முப்பது நாள் நோட்டீஸ் தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அதில் சிறுபான்மையினருக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் பிரதிநிதித்துவம் வேண்டும். இதையெல்லாம் கேட்டு மனுக் கொடுக்க, ஜாதி மதம் பார்க்காமல் எல்லா வியாபாரிகளையும் ஒன்றுசேர்க்க வேண்டியது நம் இளைஞர்களின் வேலை.

முதலில் நம் கடையில்

கடைசியாக, வியாபாரச் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை.

இன்று நம் ஓட்டல்களிலும் பிரியாணிக் கடைகளிலும் கட்டட வேலைகளிலும் பீகார், ஒடிசா, அசாம், மேற்கு வங்காளத்துத் தம்பிமார்கள் உழைக்கிறார்கள். நம் பிள்ளை ரியாத்தில் அந்நியன். அந்தப் பிள்ளை மேல்மலையனூரில் அந்நியன். அவன் எங்கே தூங்குகிறான்? மாதம் பிறந்து எத்தனை நாள் கழித்து அவனுக்குச் சம்பளம் தருகிறோம்? அவனை அழைத்துவந்த மேஸ்திரி எவ்வளவு பிடித்துக்கொள்கிறான் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா?

தொழிலாளியின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்னவர்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள். பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதை அவர்களுக்கும் கொடுங்கள் என்று கற்றுத் தந்தார்கள். வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்று எச்சரித்தார்கள். அந்த வழக்கில் எந்த வக்கீலும் வாதாட முடியாது. எந்த மேல்முறையீடும் கிடையாது.

ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் இந்த மாதமே ஒரு சிறிய வேலையைச் செய்யட்டும். ஊரில் கட்டட வேலை செய்பவர்கள், நம்மவர்களானாலும் பிற சமயத்தவரானாலும், தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்கிறார்களா என்று கணக்கெடுங்கள். பதியாதவர்களைப் பதிய வையுங்கள். வெளிநாடு போகிறவர்களின் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லப் படித்த இளைஞர் இருவரை நியமியுங்கள். ஜும்ஆ உரையில் ஒருமுறையாவது கூலியைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.

உயர்ந்த இடங்களிலெல்லாம் வீண் பெருமைக்காகச் சின்னங்களை எழுப்பிய ஆது கூட்டத்தார் என்ன ஆனார்கள் என்பதைத் திருக்குர்ஆன் சொல்லி வைத்திருக்கிறது. நம் நாடு கட்டப்போகும் மைதானம் அப்படிப்பட்ட சின்னமாகாமல், கட்டியவனும் தன் பிள்ளையோடு வந்து உட்கார்ந்து கைதட்டும் மைதானமாக வேண்டும். அதற்கு அவனுடைய கூலியில் ஒரு ரூபாயும் குறையக் கூடாது. டெல்லியிலும் குறையக் கூடாது, தோஹாவிலும் குறையக் கூடாது, அகமதாபாத்திலும் குறையக் கூடாது. முதலில் நம் கடையில் குறையக் கூடாது!

நியாயத்தின் பக்கம் நிற்கும் துணிவை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.